வளைத்துப் போடப்பட்ட மனம்

நாவலிலிருந்து தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணையும், பஞ்ச காலத்தில் ஊர்க் கோதுமையை ஒட்டுமொத்தமாக வாங்கிக் களஞ்சியத்தில் பூட்டிவைத்த வியாபாரியையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறித்திருக்கிறது. எங்க்ரோஸ் என்பது அந்தச் சொல். இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது அந்தப் பெண்தான்: ஒன்றில் முழுமனதாக ஈடுபட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாத நிலை. வியாபாரியைச் சட்ட வரலாறு படிப்பவர்கள் மட்டுமே அறிவார்கள். ஆனால் சொல்லின் வயதைப் பார்த்தால் வியாபாரிதான் மூத்தவர். ஏறக்குறைய 300 ஆண்டுகள் மூத்தவர்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. இந்தச் சொல் வரும் இடங்களில் ‘மூழ்கியிருந்தாள்’ என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவேன். அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் சொல் வந்த வழியைத் தேடிப் படித்த பிறகு, ‘மூழ்கு’ என்பதற்குள் அடங்காத ஏதோ ஒன்று வெளியே நின்றுகொண்டிருப்பதாகவே தோன்றுகிறது. குளத்தில் மூழ்குகிறவருக்கு எதிரே யாரும் இல்லை, அவரும் தண்ணீரும்தான். எங்க்ரோஸ் என்ற சொல்லுக்குள் ஒரு சந்தையே இருக்கிறது. வாங்குகிறவர் இருக்கிறார், சரக்கு இருக்கிறது, காலிக் கூடையோடு வீடு திரும்புகிறவரும் இருக்கிறார்.

லத்தீனில் குரோசுஸ் என்றால் தடித்தது, பருத்தது. அது பிரெஞ்சுக்குப் போய் ‘குரோ’ ஆனது. பிரெஞ்சு வணிகர்கள் ‘ஆன் குரோ’ என்று சொன்னால் மொத்தமாக வாங்குவது, விற்பது என்று பொருள். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நீதிமன்றத்திலும் பெருவணிகத்திலும் பல தலைமுறைகளுக்குப் பிரெஞ்சுதான் ஆட்சி செய்தது. அந்த வழியாக வந்த ஆயிரக்கணக்கான சொற்களில் இதுவும் ஒன்று. இதற்கு எதிர்ச்சொல்லும் கூடவே வந்தது. துணியிலிருந்து துண்டு வெட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்ததுதான் இன்று நாம் சொல்லும் ‘ரீடெய்ல்’. டெய்லரும் அதே குடும்பம்தான். ஆக, ஒரு பக்கம் பருத்த மூட்டை, இன்னொரு பக்கம் வெட்டிய துண்டு. மொத்தம், சில்லறை என்று நாம் பிரிப்பதை அவர்கள் இந்த இரண்டு படங்களால் பிரித்தார்கள்.

சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தச் சொல்லின் தம்பி ஒருவன் நன்றாகத் தெரிந்தவன். தீப்பெட்டிக் கணக்கை அங்கே ‘குரோஸ்’ என்றுதான் பேசுவார்கள். ஒரு குரோஸ் என்றால் 12 டஜன், அதாவது 144 பெட்டி. பிரெஞ்சில் ‘பெரிய டஜன்’ என்று சொன்னதில் டஜன் உதிர்ந்து, பெரியது மட்டும் மிஞ்சி நின்றதுதான் அந்த அலகு.

இன்னொரு தம்பி குரோசர். இன்று அந்தச் சொல் மளிகைக் கடைக்காரரைக் குறிக்கிறது. அரை கிலோ பருப்பும் கால் கிலோ சர்க்கரையும் நிறுத்துக் கொடுப்பவர். தொடக்கத்தில் அவர் நேர்மாறானவர். மூட்டை மூட்டையாக மட்டுமே கொடுக்கல் வாங்கல் செய்த பெருவணிகர். லண்டனில் 12ஆம் நூற்றாண்டிலேயே மிளகு வணிகர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மலபார் கரையில் கப்பலேறிய மிளகு அலெக்சாந்திரியா, வெனிஸ் என்று கை மாறிக் கை மாறி அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் அந்தச் சங்கத்தார் குரோசர்கள் என்ற பெயருக்கு மாறினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடியில் காய்த்த சரக்குதான் அவர்களைப் பருக்க வைத்தது என்பதை இந்தச் சொல்லைப் பற்றிப் பேசும்போது சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குரோசர்களைப் பற்றி 1363இல் ஒரு புகார் எழுந்தது. மூன்றாம் எட்வர்டின் ஆட்சிக்காலச் சட்டம் ஒன்றில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது. குரோசர் எனப்படும் வணிகர்கள் விற்பனைக்கு வரும் எல்லா வகைச் சரக்கையும் எங்க்ரோஸ் செய்துவிடுகிறார்கள். தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையைத் திடீரென்று ஏற்றுகிறார்கள். விலை மிகுந்த சரக்கை வெளியே விட்டு, மற்றதைத் தட்டுப்பாடு வரும்வரை கிட்டங்கியில் வைத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். வணிகரின் பெயரும் குற்றத்தின் பெயரும் ஒரே வேரிலிருந்து, ஒரே வாக்கியத்தில்.

தமிழில் இதற்குச் சரியான சொல் உண்டு. வளைத்துப் போடுதல். ‘பைபாஸ் ரோடு வரப்போகுது என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்து நிலத்தையெல்லாம் வளைத்துப் போட்டுவிட்டார்’ என்கிறோமே, அதேதான். நிலத்தை மட்டும் சொல்வதில்லை, ஆளையும் சொல்கிறோம். ‘பேசிப் பேசியே அவனை வளைத்துப் போட்டுவிட்டாள்’. சரக்கிலிருந்து மனத்துக்குத் தாவும் இந்தத் தாவல்தான் எங்க்ரோஸ் என்ற சொல்லின் முழு வரலாறும்.

அந்தக் குற்றம் ஏன் அவ்வளவு பெரிதாகக் கருதப்பட்டது என்பது அன்றைய சந்தையின் அமைப்பைப் பார்த்தால்தான் விளங்கும். பழைய முறைப்படி நடந்த ஆங்கிலேயத் தானியச் சந்தைகளில் மணி அடித்த பிறகுதான் விற்பனை தொடங்க வேண்டும். முதல் மணிக்கு ஏழைகள் வாங்குவார்கள். ஒரு படி, இரண்டு படி என்று அந்த வாரத்து ரொட்டிக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் தேவை தீர்ந்த பிறகு இரண்டாவது மணி. அதற்குப் பிறகுதான் உரிமம் பெற்ற பெரிய வியாபாரிகள் சாக்கை விரிக்கலாம். விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அப்புறம். யார் முதலில், யார் பிறகு என்ற வரிசைதான் அங்கே நீதி. அந்த வரிசையை உடைப்பவருக்கு மூன்று பெயர்கள் இருந்தன. சந்தைக்கு வரும் வழியிலேயே வண்டியை மறித்துச் சரக்கை வாங்கிக்கொள்பவர் ஒருவர். சந்தையில் வாங்கி அதே சந்தையிலோ 4 மைலுக்குள் உள்ள இன்னொரு சந்தையிலோ விலை ஏற்றி விற்பவர் இன்னொருவர். எங்க்ரோஸ் செய்பவர் மூன்றாமவர்.

ஆறாம் எட்வர்டின் காலத்தில், 1552இல், இந்த மூவரையும் வரையறுத்து ஒரு சட்டம் வந்தது. மறுபடி விற்கும் நோக்கத்தோடு, வயலில் நிற்கும் பயிரையோ வேறு தானியத்தையோ வெண்ணெய், பாலாடைக்கட்டி, மீன் போன்ற உணவுப் பொருளையோ கைப்பற்றிக்கொள்பவரே எங்க்ரோஸ் குற்றவாளி என்றது அது. முதல் முறை பிடிபட்டால் 2 மாதச் சிறை, சரக்கின் மதிப்பு பறிமுதல். இரண்டாம் முறை அரை வருடச் சிறை, இரட்டை மதிப்பு. மூன்றாம் முறை, ஊர் நடுவே கழுத்தையும் கையையும் பலகையில் மாட்டி நிறுத்துவார்கள்; சொத்து முழுவதும் போகும்; மன்னர் விரும்பும் வரை சிறை.

இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தின் ஒரு தாள் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரிலிருந்து கிடைத்திருக்கிறது. 1590களின் நடுவில் தொடர்ந்து விளைச்சல் பொய்த்து, தானிய விலை ஏறி, ஊர் ஊராகப் பதுக்கல் கணக்கெடுத்த நேரம். 1598 பிப்ரவரி 4 என்ற நாளைத் தாங்கிய அந்தப் பட்டியலில், 10 குவார்ட்டர் மால்ட் வைத்திருந்தவராக வில்லியம் ஷேக்ஸ்பியரின் பெயர் இருக்கிறது. நம் அளவில் ஏறத்தாழ 2,900 லிட்டர். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த வாற்கோதுமை; வீட்டிலேயே ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சுவதற்கு அந்த ஊரில் பலரும் வைத்திருந்த சரக்கு. அவரைவிடக் கூடுதலாக வைத்திருந்த அண்டை வீட்டாரும் அதே பட்டியலில் உண்டு. ஆகவே அவரைப் பதுக்கல்காரர் என்று முத்திரை குத்துவது நியாயமாகாது. ஆனால் எங்க்ரோஸ் என்ற சொல்லை அவர் அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. வீட்டுத் தானியத்தை அளக்க ஆள் வந்த ஊரில் வாழ்ந்தவர் அவர்.

அதனால்தானோ என்னவோ, இந்தச் சொல் அவர் கையில் படும் பாடு அத்தனை உயிரோடு இருக்கிறது. நான்காம் ஹென்றியின் கதையைச் சொல்லும் முதல் நாடகத்தில், உருப்படாதவன் என்று பெயரெடுத்த இளவரசன் தந்தையிடம் சமாதானம் சொல்கிறான். வீரன் என்று நாடே கொண்டாடுகிற பெர்சி என்னுடைய கொள்முதல் முகவர்தான். புகழையெல்லாம் என் கணக்கில் எங்க்ரோஸ் செய்துவருகிறான். ஒருநாள் கணக்கைக் கூப்பிட்டு மொத்தத்தையும் வாங்கிக்கொள்வேன் என்கிறான். புகழ் அங்கே தானிய மூட்டை. ரோமியோ சாகும் முன் பேசும் வரிகளில் மரணமே மொத்தக் கொள்முதல்காரன். அவனோடு முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தத்தில் முத்தத்தால் முத்திரையிடுகிறான் ரோமியோ. 133ஆவது சானெட்டில், காதலி தன்னை மட்டுமல்லாமல் தன் உயிர்த் தோழனையும் எங்க்ரோஸ் செய்துவிட்டாள் என்று கவிஞர் புலம்புகிறார். அந்த இடத்தில் சொல் மனத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. ஆனாலும் சந்தை இன்னும் கண்ணில் தெரிகிறது. வாங்கியவள் ஒருத்தி இருக்கிறாள், இழந்தவனும் இருக்கிறான்.

இதற்கிடையே அதே சொல்லுக்கு எழுத்தர்களின் மேசையில் இன்னொரு வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. பருத்தது என்றால் எழுத்தும் பருக்கலாம் அல்லவா? பத்திரத்தின் வரைவை அடித்துத் திருத்தி முடித்த பிறகு, தோல் தாளில் கொட்டை எழுத்தில் அழகாக எழுதும் இறுதிப் படிக்கும் எங்க்ரோஸ் என்றே பெயர். ரிச்சர்டு III நாடகத்தில் ஒரு சிறு காட்சி. எழுத்தர் ஒருவர் மட்டும் மேடைக்கு வருவார். ஹேஸ்டிங்ஸ் பிரபு மீதான குற்றப்பத்திரிகையை நல்ல கையெழுத்தில் எங்க்ரோஸ் செய்து முடித்திருக்கிறேன், 11 மணி நேரம் ஆயிற்று, இதன் வரைவை எழுதவும் அதே அளவு நேரம் ஆகியிருக்கும், ஆனால் 5 மணி நேரத்துக்கு முன்புவரை ஹேஸ்டிங்ஸ் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் சுதந்திரமாகத்தானே இருந்தார் என்பார். தீர்ப்பு முதலில் எழுதப்பட்டது, குற்றம் பிறகு தேடப்பட்டது என்பதை ஒரு நகலெழுத்தரின் நேரக் கணக்கு அம்பலமாக்குகிறது. அரசியல் நாடகம் என்று எத்தனையோ படித்திருக்கிறோம். ஒரு எளிய எழுத்தரின் கைவலி சாட்சி சொல்லும் இந்தப் பதினான்கு வரிக்கு ஈடாக எனக்கு அதிகம் தெரியவில்லை.

இந்தக் கிளை இன்னும் பட்டுப்போகவில்லை. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைத் தோல் தாளில் எங்க்ரோஸ் செய்யும்படி 1776 ஜூலை 19 அன்று காங்கிரஸ் ஆணையிட்டது. உறுப்பினர்கள் ஆகஸ்ட் 2 முதல் கையெழுத்திட்டது அந்தப் படியில்தான். 1787இல் அமெரிக்க அரசியலமைப்பை நான்கு தோல் தாள்களில் எழுதிக் கொடுத்த ஜேக்கப் ஷாலஸ் என்ற எழுத்தருக்கு 30 டாலர் கூலி கிடைத்தது. இன்றும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு அவை நிறைவேற்றிய மசோதாவின் அதிகாரபூர்வப் படிக்கு இதே பெயர். லண்டன் வழக்கறிஞர் அலுவலகங்களில் உயிலின் கையெழுத்துக்குத் தயாரான இறுதிப் படிக்கும் இதே பெயர். கொட்டை எழுத்து போய் கணினி அச்சு வந்துவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

மனத்தில் ஆழும் பொருள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாக நிலைபெறுகிறது. இடையில் ஒரு படி உண்டு. ஒருவரே பேசிக்கொண்டிருந்து மற்றவர்களை வாயைத் திறக்க விடாவிட்டால், அவர் உரையாடலை எங்க்ரோஸ் செய்துவிட்டார் என்பார்கள். சபையில் ஒருவர் எல்லோருடைய கவனத்தையும் தன் பக்கமே இழுத்துக்கொண்டால் அப்போதும் அதே சொல். அங்கேயும் அது குறைசொல்லும் சொல்தான். பொதுவில் இருக்க வேண்டியதை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்ற முறைப்பாடு. பிறகு எடுத்துக்கொள்பவர் மனிதராக இருக்க வேண்டிய அவசியம் போயிற்று. வேலை ஒருவரை எங்க்ரோஸ் செய்யும், புத்தகம் செய்யும், கவலை செய்யும். கடைசியாக வாக்கியம் செயப்பாட்டுக்கு மாறி, ‘அவள் எங்க்ரோஸ்ட்’ என்று நின்றபோது, வாங்கியவர் வாக்கியத்தை விட்டே மறைந்துவிட்டார். சொத்து மட்டும் எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இந்தச் சொல்லுக்குத் தடிக்கச் செய்தல், கொழுக்கச் செய்தல், முழுவதையும் கைப்பற்றுதல், அதிக விலைக்கு விற்பதற்காக ஒரு பண்டத்தை ஒட்டுமொத்தமாக வாங்குதல், கொட்டை எழுத்தில் படியெடுத்தல் என்றெல்லாம் பொருள் தருகிறது. ஒரே சொல்லின் பக்கத்தில் கசாப்புக் கடை, தானியக் கிட்டங்கி, பத்திர எழுத்தர் மேசை மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஆழ்ந்த ஈடுபாட்டைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்களும் நிறைய. அவற்றின் வேர்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ராப்ட் என்ற சொல் லத்தீனில் பறித்துச் செல்லுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. இரையைக் கவ்விப் பறக்கும் பருந்தினங்களை ராப்டர் என்பது அதே வேர். என்த்ரால் என்பதில் உள்ள த்ரால், ஐரோப்பாவின் வடக்கே வாழ்ந்த வைக்கிங்குகளின் மொழியில் அடிமை. கேப்டிவேட் என்பதில் சிறைப்பட்டவர் இருக்கிறார். இத்தனை மென்மையான அனுபவத்துக்கு ஏன் இவ்வளவு வன்முறை என்று கேட்டால், நம் மொழியும் அதே பக்கம்தான் நிற்கிறது. கவர்தல் என்றால் பறித்துக்கொள்ளுதல். வெட்சி சூடி ஆநிரை கவர்ந்தார்கள் என்கிறது நம் புறத்திணை மரபு. அந்த வினையிலிருந்துதான் ‘கவர்ச்சி’ வந்தது. மனத்தைக் கொள்ளை கொண்டது என்கிறோம், பாட்டில் மனத்தைப் பறிகொடுத்தேன் என்கிறோம். திருட்டுக் கொடுத்தவர் மகிழ்ந்து சொல்லும் ஒரே திருட்டு இதுவாகத்தான் இருக்கும்.

தமிழில் இன்னொரு வரிசையும் உண்டு. அதில் நீர் இருக்கிறது. மூழ்குதல், ஆழ்தல், தோய்தல். இறைவனின் குணங்களில் ஆழ்ந்தவர் ஆழ்வார் என்று வைணவ மரபு பொருள் சொல்கிறது. வடமொழியிலிருந்து வந்த லயித்தலில் கரைந்து ஒடுங்குதல் இருக்கிறது. இவையெல்லாம் தன்வினைகள். அவளே மூழ்குகிறாள், அவளே ஆழ்கிறாள். அவளை யாரும் வாங்கவில்லை. ஒரு மொழியின் வினை தன்வினையாக நிற்பதற்கும் செயப்பாட்டில் நிற்பதற்கும் இடையே அனுபவம் பற்றிய ஒரு கருத்தே மாறிவிடுகிறது. ‘கவனம் செலுத்து’ என்ற நம் தொடரையும் பாருங்கள். வண்டியைச் செலுத்துகிறோம், வரியைச் செலுத்துகிறோம், கவனத்தையும் செலுத்துகிறோம். செலுத்துகிறவர் நாம். ஓட்டுநர் இருக்கை நம்முடையது.

சொல் இனிமையாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் குற்றம் பல்லிழந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டும் கைகோத்து நடந்ததைக் கவனிக்காமல் இருக்க முடியாது. 1772இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பழைய சட்டங்களை நீக்கியது. 1776இல் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் தன் பெருநூலில், எங்க்ரோஸ் பற்றிய மக்களின் பயத்தைச் சூனியக்காரிகள் பற்றிய பயத்தோடு ஒப்பிட்டார். அவருடைய வாதம் கல்நெஞ்சக்காரரின் வாதமாக இருக்கவில்லை: வியாபாரி தட்டுப்பாட்டை முன்கூட்டியே உணர்ந்து விலையை ஏற்றினால், மக்கள் அப்போதே சிக்கனமாவார்கள், இருப்பு அடுத்த அறுவடைவரை தாங்கும் என்றார். நீதிமன்றம் அவ்வளவு சீக்கிரம் இணங்கவில்லை. 1800இல் ஜான் ரஸ்பி என்ற லண்டன் வியாபாரி ஓட்ஸ் தானியத்தை வாங்கிய அன்றே விலை ஏற்றி விற்றதற்காகக் குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. நீதிபதி கென்யன் பிரபு அந்தக் குழுவைப் பாராட்டினார். கூட்டம் ஒன்று ரஸ்பியின் வீட்டைத் தாக்கியது. கடைசியில் 1844இல் ஒரு சட்டம் இந்தக் குற்றங்கள் அனைத்தையும் பெயரோடு ஒழித்தது.

ஒழிந்த குற்றத்தின் நிழல் நம் ஊர்வரை நீண்டது. 1876இல் தொடங்கிய பஞ்சத்தை நம் பாட்டிமார்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லித்தான் நமக்குத் தெரியும். சென்னை மாகாண அரசு முதலில் தானே தானியம் வாங்கி இருப்பு வைக்கப் பார்த்தது. வைஸ்ராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. தானிய வணிகத்தில் அரசு கைவைக்கக் கூடாது, விலையைக் குறைக்க எந்தத் தலையீடும் கூடாது என்பது ஆணை. அந்தப் பஞ்ச ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறியது. லட்சக்கணக்கில் மக்கள் மடிந்தார்கள். ஸ்மித் நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் சந்தையை மனத்தில் வைத்து எழுதிய வாதம், கையில் காசே இல்லாத ஜனங்கள் நிறைந்த மாகாணத்தில் அரசாணையாக வந்து இறங்கியது. முதல் மணி அடிக்க அங்கே ஆள் இல்லை. பதுக்கல் என்ற சொல்லை நம் மக்கள் இன்றும் ஒரு வசவு போலவே உச்சரிக்கிறார்கள் என்றால், அந்த நினைவுக்கு ஆழமான வேர் உண்டு என்றே நம்புகிறேன்.

1971ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த ஆண்டு இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை. ஒன்றை எழுதியவர் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன். 18ஆம் நூற்றாண்டின் ரொட்டிக் கலவரங்களை ஆராய்ந்து, அந்தக் கூட்டங்கள் வெறும் கொள்ளைக் கூட்டங்கள் அல்ல என்று அவர் காட்டினார். பல ஊர்களில் மக்கள் பதுக்கிய தானியத்தைக் கைப்பற்றி, நியாயம் என்று தாங்கள் கருதிய விலைக்கு விற்று, பணத்தையும் சாக்கையும் உரியவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எங்க்ரோஸ் என்ற பழைய குற்றம் சட்டத்தின் கண்ணில் மங்கிய பிறகும் ஜனங்களின் மனத்தில் மங்கவில்லை. இன்னொன்று அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் எழுதியது. பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். தகவல் எதைத் தின்று வாழ்கிறது என்று அவர் கேட்டார். பெறுபவரின் கவனத்தைத் தின்கிறது. எனவே தகவல் பெருகப் பெருகக் கவனத்துக்கு வறுமை வரும் என்றார்.

ஒன்றில் தானியம், ஒன்றில் கவனம். இரண்டும் அளவில்லாமல் கிடைக்கும் பண்டங்கள் அல்ல. எங்க்ரோஸ் என்ற சொல் இந்த இரண்டையும் 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்தது. ஒரு நாளில் ஒரு மனிதருக்கு இருக்கும் கவனம் இவ்வளவுதான். அதை ஒன்று முழுதாக வாங்கிக்கொண்டால் மற்றவற்றுக்கு மிச்சமில்லை. கைப்பேசித் திரையின் முடிவில்லாத சுருளைச் செய்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆழ்ந்து ஈடுபடவைக்கும் செயலி என்று அவர்கள் விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லும்போது, எனக்கு 1363ஆம் வருடத்துப் புகார் மனுதான் காதில் கேட்கிறது. விற்பனைக்கு வருவதையெல்லாம் எங்க்ரோஸ் செய்துவிடுகிறார்கள்.

எல்லா ஆழ்தலும் இப்படி என்றால் அது அநியாயம். மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர், ஓவியம் வரையும்போது பசியையும் களைப்பையும் மறந்துபோகும் ஓவியர்களைக் கவனித்துத் தன் ஆய்வைத் தொடங்கினார். படம் முடிந்ததும் அவர்களில் பலர் அந்தப் படத்தையே மறந்து அடுத்த திரைச்சீலையைத் தேடினார்கள். எதற்காக வரைந்தார்கள்? வரைவதற்காகத்தான். அந்த நிலையை அனுபவித்தவர்கள் நீரோட்டம் தங்களை இழுத்துச் செல்வது போல இருந்தது என்றார்கள். அவரும் அதற்கு ஓட்டம் என்றே பெயர் வைத்தார். அங்கே மறுபடி விற்கும் நோக்கத்தோடு வாங்கியவர் யாரும் இல்லை. 1552ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட நிபந்தனை இங்கே எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள்: மறுபடி விற்கும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வாங்கியவரை அது தொடவில்லை.

அன்றைய சந்தையில் பாதிக்கப்பட்டவர் தானியத்தை விற்ற உழவர் அல்ல. அவருக்குக் காசு வந்துவிட்டது. வாங்கியவரும் அல்ல. அந்தப் பேரத்தில் பங்கே இல்லாத மூன்றாமவர்தான், முதல் மணிக்காகக் காத்திருந்து காலிக் கூடையோடு திரும்பியவர். மனத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடுவது அந்த மூன்றாமவரைத்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறுகதையை மொழிபெயர்த்தேன். இரவுச் சாப்பாட்டு நேரம். ஆறு வயதுச் சிறுமி பள்ளிக்கூடத்தில் தான் வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலி அருகே நிற்கிறாள். அப்பா கைப்பேசியில் எங்க்ரோஸ்ட். வழக்கம்போல ‘மூழ்கியிருந்தார்’ என்று எழுதினேன். திரும்ப வந்து பார்த்தபோது அந்த வாக்கியத்தில் சிறுமியின் இடம் காலியாக இருந்தது. அடித்துவிட்டு, ‘கைப்பேசி அப்பாவை மொத்தமாக வாங்கியிருந்தது’ என்று எழுதினேன். தமிழில் அது சற்று முரட்டு வாக்கியம். பத்திரிகையில் பிழை திருத்துபவர் அதைக் கோடிட்டு, ‘மூழ்கியிருந்தார் என்று இருந்தால் இயல்பாக இருக்குமே’ என்று ஓரத்தில் குறித்து அனுப்பினார். சிறுமி படத்தோடு நிற்கிற அடுத்த வரியையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். ‘இருக்கட்டும், அப்படியே விட்டுவிடலாம் சார்’ என்றார்.